பிரிஸ்டல் வியாபாரிகளும் எட்மண்ட் பர்க்கும்

தேர்தல் வந்துவிட்டால் நம் கடைப் படிகளுக்கு யோகம் வந்துவிடும். ஆண்டு முழுதும் அந்தப் பக்கம் எட்டிப் பாராதவரும் ஐந்தடியில் நின்று ஸலாம் கூறி, பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, ஒரு கோப்பைத் தேநீரும் அருந்திவிட்டுப் போவார். சங்கத் தேர்தலாயினும் சரி, ஊர்த் தேர்தலாயினும் சரி, கேட்டதற்கெல்லாம் ஆகட்டும் என்று தலையசைப்பவரே கெட்டிக்கார அபேட்சகர் என்பது நம்மில் பலருடைய எண்ணம். அவ்விதம் தலையசைக்க மறுத்த ஒருவரைப் பற்றி இவ்விதழில் எழுத முன்வந்தோம். அவர் வாக்குக் கேட்டதும் வியாபாரிகளிடத்தில்தான், தோற்றதும் அவர்களிடத்தில்தான்.

எட்மண்ட் பர்க் 1729ஆம் ஆண்டு அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், புராட்டஸ்டண்டு மதத்தினர். தாயாரோ கத்தோலிக்கர். ஆண் மக்கள் தந்தையின் வழியிலும், சகோதரி தாயின் வழியிலும் வளர்ந்தார்கள். அக்காலத்து அயர்லாந்தில் கத்தோலிக்கராயிருப்பது எளிதன்று. சட்டம் படிக்கவோ, பதவி வகிக்கவோ, ஓட்டுப் போடவோ அவர்களுக்கு உரிமையில்லை. பெரும்பான்மையினராக வாழும் சொந்த மண்ணிலேயே இந்த நிலை. பர்க் இதைத் தம் தாயார் வீட்டிலேயே கண்டு வளர்ந்தவர். பன்னிரண்டு வயதில் அவரைப் பாலிட்டோர் என்னும் சிற்றூரில் ஒரு குவேக்கர் ஆசிரியரின் பள்ளியில் சேர்த்தார்கள். ஒரே சிறுவன் மூன்று மார்க்கத்தாரிடமும் அன்பைப் பெற்று வளர்ந்தமையால், பிற்காலத்தில் பிற மதத்தாரை வெறுக்கும் கூட்டத்தில் அவரைக் காண முடியவில்லை.

டிரினிடி கல்லூரியில் படித்து முடித்து, 1750இல் சட்டம் பயில லண்டனுக்குப் போனார். சட்டத்தில் மனம் ஒட்டவில்லை. பேனாவைப் பிடித்துப் புத்தகங்கள் எழுதினார். ஆண்டுத் தொகுப்பு நூல் ஒன்றைப் பல காலம் நடத்தினார். 1765இல் பிரதம மந்திரியாக வந்த ராக்கிங்காம் பிரபு அவரைத் தம் அந்தரங்கக் காரியதரிசியாக வைத்துக்கொண்டார். அவ்வாண்டு முடிவதற்குள் வெண்டோவர் என்னும் சிறு தொகுதியின் சார்பில் பார்லிமெண்டிலும் நுழைந்துவிட்டார்.

வெண்டோவர் தேர்தலைத் தேர்தல் என்று சொல்லவே கூசும். அங்கே ஓட்டுரிமை உள்ளவர்கள் ஒரு சிலர். அவர்கள் குடியிருந்த வீடுகளுக்குச் சொந்தக்காரர் ஒரு பிரபு. அவர் கைகாட்டிய ஆளே அங்கத்தினர். அக்கால இங்கிலாந்தில் இப்படிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளத்தக்க தொகுதிகள் ஏராளமாக இருந்தன. ஓட்டுப் போடுகிறவனும் மறைவாகப் போட முடியாது. மேடையேறி, யாருக்கு என்று உரக்கச் சொல்லவேண்டும். அது ஏட்டில் பதிவாகும். கடன் கொடுத்தவரும், வீட்டுக்காரரும், முதலாளியும் கீழே நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆங்கிலேயருக்கு இரகசிய ஓட்டு வந்தது 1872இல்தான்.

பிரிஸ்டல் அப்படிப்பட்ட சிற்றூர் அன்று. மேற்குக் கடலை நோக்கிய பெருந்துறைமுகம். சர்க்கரை, புகையிலை, இரும்பு, கண்ணாடி எல்லாம் அங்கே இறங்கின, ஏறின. அமெரிக்கக் குடியேற்ற நாடுகளோடு அந்நகருக்கு நெருங்கிய கொடுக்கல் வாங்கல். மனிதரை விற்கும் வியாபாரமும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஆப்பிரிக்கரை அடிமைகளாகக் கப்பலேற்றிய பணத்தில் எழும்பிய மாளிகைகள் அங்கே பல. நகரத்து உரிமைக் குடிகள் என்று பதிவு பெற்ற ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஓட்டுண்டு. உரிமைக்குடியின் மகனாயிருக்க வேண்டும், அல்லது தொழில் பழகி முடித்திருக்க வேண்டும், அல்லது உரிமைக்குடியின் மகளை மணந்திருக்க வேண்டும். ஆதலால் பெரிய கப்பல் முதலாளியோடு பீப்பாய் செய்பவனும் செருப்புத் தைப்பவனும் சேர்ந்து நின்று வாக்களித்தார்கள்.

1774ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கே தேர்தல் தொடங்கியது. இரண்டு இடங்கள், பழைய அங்கத்தினராகிய கிளேர் பிரபுவும் பிரிக்டேலும் ஒரு புறம், நியூயார்க்கில் பிறந்து பிரிஸ்டலில் வியாபாரம் செய்த ஹென்றி குரூகர் மறு புறம். தமக்கு ஆதரவு குறைவதைக் கண்ட கிளேர் பிரபு தொடக்கத்திலேயே விலகிக்கொண்டார். உடனே ரிச்சர்ட் சாம்பியன் என்னும் குவேக்கர் வியாபாரியும் அவருடைய நண்பர்களும் பர்க்கின் பெயரை முன்மொழிந்துவிட்டு, ஆளைத் தேடிப் புறப்பட்டார்கள். பீங்கான் பாத்திரங்கள் செய்து விற்றவர் இந்தச் சாம்பியன். பர்க்கோ அப்போது வடக்கே யார்க்ஷயரில் மால்ட்டன் என்னும் தொகுதியில், ராக்கிங்காம் பிரபுவின் தயவில் தேர்ந்தெடுக்கப்பட்டு அமர்ந்திருந்தார். செய்தி கிடைத்ததும் மால்ட்டன் வாக்காளரிடம் விடை பெற்று, ஏறத்தாழ இரண்டு நாள் இரவு பகலாகக் குதிரை வண்டியில் ஓடி, 13ஆம் தேதி பிரிஸ்டல் வந்து சேர்ந்தார். தூக்கமும் உணவும் இல்லாமல் நேரே மேடைக்குப் போய்ப் பேசினார் என்பார்கள்.

வாக்குப் பதிவு நவம்பர் 2ஆம் தேதி வரை நீண்டது. அந்நாட்களில் சாராயக் கடைகளுக்கு நல்ல வியாபாரம். புதிது புதிதாக உரிமைக்குடிகளைப் பதிவு செய்து, கட்டணத்தையும் கட்டி, ஓட்டுச் சாவடிக்கு அழைத்து வந்தார்கள். தோற்ற பிரிக்டேல் இதை எதிர்த்துப் பார்லிமெண்டில் மனுக் கொடுத்தார், மனு தள்ளுபடியாயிற்று. பர்க் பங்கு கொண்ட தேர்தல் என்பதால் அதைத் தூய பாலில் கழுவி எடுத்ததாக நாம் கூறமாட்டோம். முடிவில் குரூகர் 3,565, பர்க் 2,707, பிரிக்டேல் 2,456, விலகிய கிளேர் பிரபு 283. பர்க் 251 வாக்குகளில் வென்றார்.

வெற்றி விழாவில் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. நவம்பர் 3ஆம் தேதி முதலில் பேசிய குரூகர், வாக்காளர்கள் இடும் கட்டளைப்படியே பார்லிமெண்டில் நடப்பது தம் கடமை என்று அறிவித்தார். கூட்டம் மகிழ்ந்தது. அடுத்து எழுந்த பர்க்கும் அதையே சொல்லிவிட்டு மாலையைச் சூடிக்கொண்டு போயிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. வாக்காளரோடு நெருங்கிப் பழகுவதும், அவர்கள் கருத்துக்கு மதிப்பளிப்பதும், அவர்கள் வேலைக்காகத் தம் ஓய்வையும் இன்பத்தையும் விட்டுக்கொடுப்பதும் தம் கடமை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் தம் மனச்சாட்சியையும் அறிவையும் மட்டும் எவர் பொருட்டும் விட்டுக்கொடுக்க இயலாது. பார்லிமெண்ட் என்பது முழு நாட்டின் நன்மைக்கு உரிய சபை, ஊருக்கு ஒரு வக்கீல் வந்து வாதாடும் இடமன்று என்று விளக்கினார். வென்ற நாளில், ஓட்டுப் போட்டவர்கள் முகத்துக்கு நேரே இதைச் சொன்னார். சரக்கைக் கட்டிக் கொடுப்பதற்கு முன்பே அதன் தன்மையை வாங்குகிறவருக்குக் காட்டிவிட்ட வியாபாரியை ஒத்திருந்தது அவர் செய்கை. ஓட்டு விழுந்த பிறகுதானே சொன்னார் என்று ஒருவர் மடக்கினால் அதிலும் நியாயம் உண்டு.

பிறகு ஆறு ஆண்டுகள். அமெரிக்கர்மீது வரி விதித்துப் படையெடுப்பதை அவர் இடைவிடாமல் எதிர்த்தார். போர் மூண்டதும் பிரிஸ்டலிலும் போர் வெறி பிடித்தது. ஊரார் சிலர் முணுமுணுக்கவே, 1777இல் நகர ஷெரீபுகளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி, தாம் ஏன் அவ்விதம் நடக்கிறார் என்பதைக் காரண காரியத்தோடு அச்சிட்டு வெளியிட்டார்.

அடுத்து வந்தது வயிற்றைத் தொடும் காரியம். அயர்லாந்து வியாபாரத்தின் கழுத்தை இங்கிலாந்து பல ஆண்டுகளாக நெரித்து வந்தது. ஐரிஷ்காரர் கம்பளித் துணியை வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. குடியேற்ற நாடுகளோடு நேர் வாணிபம் செய்யலாகாது. இப்படி அடுக்கடுக்காகத் தடைகள். 1778இல் அவற்றைச் சற்றுத் தளர்த்த மசோதாக்கள் வந்தன. கொண்டுவந்தவர் யார் தெரியுமா? பிரிஸ்டலில் தோற்று விலகிய அதே கிளேர் பிரபு. அப்போது அவர் நியூஜெண்ட் பிரபு. பர்க் தம் பழைய எதிராளியோடு சேர்ந்து நின்று அவற்றை ஆதரித்தார். பிரிஸ்டல் வியாபாரிகள் பதறிப்போனார்கள். கூலி மலிவான அயர்லாந்திலிருந்து சரக்கு வந்தால் தங்கள் பிழைப்பு என்னாவது என்று கேட்டார்கள். வணிகர் சங்கத் தலைவரிடமிருந்தும், ஒரு பெரிய இரும்பு வியாபாரக் கம்பெனியிடமிருந்தும் அவருக்குக் கடிதங்கள் வந்தன.

இரண்டுக்கும் தனித்தனியே விடை எழுதினார். பிறர் செழித்தால் நமக்கு நஷ்டம் என்று கணக்குப் போடுவது தவறு. வாங்குகிறவன் கையில் காசு புழங்கினால்தான் விற்கிறவன் கல்லா நிறையும். உலகம் எல்லோருக்கும் போதுமான அளவு பெரியது என்பது அவர் வாதம். இரும்பு விஷயத்தில் வரிக் கணக்கையும் கூலிக் கணக்கையும் எடுத்துக்காட்டி, அவர்கள் அஞ்சும் அளவுக்கு ஆபத்தில்லை என்று புரியவைக்க முயன்றார். தம் வேலையைச் செய்ததற்காகத் தொகுதியை இழக்க நேர்ந்தால், ஓர் அங்கத்தினர் தம் ஊராரின் விருப்பத்துக்கு மாறாகவும் அவர்கள் நன்மைக்காக நின்றார் என்ற செய்தியாவது ஏட்டில் இருக்கட்டும் என்றும் எழுதினார். பார்லிமெண்ட் அவ்வாண்டு சிறிதளவே இறங்கி வந்தது. ஐரிஷ் மக்கள் ஆயுதம் தாங்கிய தொண்டர் படை திரட்டி மிரட்டிய பின், 1779-80இல் தடைகளில் பெரும்பகுதியை நீக்கிக்கொண்டது. கேட்டபோது கொடாமல் மிரட்டியபோது கொடுத்ததால், கொடுத்தவருக்கு நன்றிகூடக் கிடைக்கவில்லை.

கடன்காரர் சிறை என்று ஒரு விஷயம் உண்டு. கடன் கொடுத்தவர் நினைத்தால் கடன்பட்டவனை வருஷக்கணக்கில் சிறையில் அடைத்து வைக்கலாம். கெட்ட எண்ணமுடையவனா, கெட்ட காலத்தில் அகப்பட்டவனா என்று கேட்பார் இல்லை. இதை ஓரளவு கட்டுப்படுத்த ஒரு மசோதா வந்தது. பர்க் ஆதரித்தார். கடனுக்குச் சரக்குக் கொடுத்துப் பழகிய பிரிஸ்டல் கடைக்காரர்களில் பலருக்கு இது கசந்தது. வராத பாக்கியை எழுதிவைத்த பேரேடு நம் கடைகளிலும் உண்டாதலால் அவர்கள் கசப்பு நமக்கு விளங்காமல் இல்லை. ஆயினும் உள்ளே கிடப்பவன் எதைச் சம்பாதித்துக் கடனை அடைப்பான்?

எல்லாவற்றிலும் பெரிய புயல் மத விஷயத்தில் எழுந்தது. இங்கிலாந்துக் கத்தோலிக்கர்மீது இருந்த சில கொடுஞ்சட்டங்களை நீக்கும் சட்டம் ஒன்று 1778இல் நிறைவேறியது. நிலம் வாங்கவும் வாரிசாகவும் உரிமை. பாதிரிக்கும் ஆசிரியருக்கும் ஆயுள் சிறை என்பது நீக்கம். அவ்வளவுதான். கொண்டுவந்தவர் ஜார்ஜ் சாவில். பின்னிருந்து உழைத்தவர்களில் பர்க் ஒருவர். இரண்டாண்டு கழித்து, 1780 ஜூனில், ஜார்ஜ் கார்டன் பிரபு என்பவர் பெருங்கூட்டம் திரட்டிப் பார்லிமெண்டை முற்றுகையிட, லண்டன் ஒரு வாரம் எரிந்தது. கத்தோலிக்கர் ஆலயங்களும் வீடுகளும் சூறையாடப்பட்டன; சிறைச்சாலைகள் கொளுத்தப்பட்டன; பட்டாளம் சுட்டதில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பர்க்கின் வீட்டுக்கும் மிரட்டல் வந்து, படைவீரர் காவல் நின்றார்கள். அந்த வாரத்தில்கூட அவர் தம் சொல்லைத் திரும்பப் பெறவில்லை.

செப்டம்பரில் பொதுத்தேர்தல். பர்க் பிரிஸ்டல் வந்தார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்கள் நான்கு: தொகுதிக்கு அடிக்கடி வருவதில்லை, அயர்லாந்துக்காரருக்கு வியாபாரத்தைக் காட்டிக்கொடுத்தார், கடன்காரர் பக்கம் பேசினார், கத்தோலிக்கருக்கு உதவினார். முதல் குற்றம் உண்மையே. பிரிஸ்டலுக்கு அவர் வந்த தடவைகளை விரல்விட்டு எண்ணலாம். ஊராரின் மனுக்களையும் வரி விவகாரங்களையும் லண்டனில் இலாகா இலாகாவாக அலைந்து கவனித்தார் என்பது மெய்தான். ஆனாலும் முகம் காணாத அன்பு எத்தனை நாள் நிற்கும்? இந்த ஒன்றில் பிரிஸ்டல்காரர் பக்கமே நாமும் பேசுவோம்.

மற்ற மூன்றுக்கும் 6ஆம் தேதி நகர மண்டபத்தில் நின்று நீண்ட பதில் அளித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, மழுப்பவுமில்லை. அன்று அவர் அயர்லாந்து விஷயத்தில் தாம் தவறிவிட்டதாக ஒரு வார்த்தை கூறியிருந்தாலும் சில நூறு வாக்குகள் திரும்பியிருக்கும் என்று நினைக்க இடமுண்டு. மாறாக, ஒவ்வொரு செயலையும் எடுத்து வைத்து, இதைச் செய்தேன், இன்ன காரணத்தால் செய்தேன், மறுபடியும் இதையே செய்வேன் என்ற முறையில் பேசினார். நகரில் ஓட்டுக் கேட்டுச் சுற்றிப் பார்த்தார்; கணக்குச் சரிப்படவில்லை. 9ஆம் தேதி மேடையேறி, போட்டியிலிருந்து விலகிக்கொள்வதாக அறிவித்தார். முந்தின நாள்தான் மற்றோர் அபேட்சகர் திடீரென இறந்துபோயிருந்தார். அந்தச் சாவை நினைவூட்டி, நாம் எல்லோரும் நிழல்களைத் துரத்துகிறோம் என்ற கருத்தைச் சொல்லி, ஆறு ஆண்டு ஆதரித்தவர்களுக்கு நன்றி கூறி இறங்கினார். தோற்றவர் வாயில் ஒரு வசைச் சொல் இல்லை.

கட்டளைப்படி நடப்பேன் என்று வாக்களித்த குரூகர் என்னானார்? அவரும் அதே தேர்தலில் தோற்றார்.

நிற்க, பர்க் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. அவ்வாண்டு இறுதியில் மால்ட்டன் தொகுதி மீண்டும் கைகொடுத்தது. ஐயாயிரம் வாக்காளரிடம் உண்மை பேசித் தோற்றவரை, ஒரு பிரபுவின் சட்டைப் பைத் தொகுதி காப்பாற்றியது என்பதை நினைத்தால் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. ஓட்டுரிமையை ஏழைகளுக்கும் விரிவாக்க வேண்டும் என்றவர்களோடு அவர் கடைசிவரை சேரவும் இல்லை. 1782இல் ராக்கிங்காம் மறுபடி பிரதமரானபோது பர்க் படைச் சம்பளப் பொக்கிஷத்தின் தலைவரானார். அந்தப் பதவியில் இருந்தவர்கள் சர்க்கார் பணத்தைத் தம் கையில் வைத்துக்கொண்டு வட்டி தின்பது வழக்கம். பர்க் அதை ஒழித்துத் தமக்கு ஆண்டுக்கு 4,000 பவுன் சம்பளம் என்று வரையறுத்தார். ஆனால் மகனையும், வியாபாரத்தில் நொடித்துப்போன பழைய நண்பர் சாம்பியனையும் அதே இலாகாவில் அமர்த்திக்கொண்டார். அதே ஆண்டில் சுங்க, வரி உத்தியோகஸ்தர்கள் ஓட்டுப் போடலாகாது என்றும், சர்க்கார் காண்டிராக்டர்கள் பார்லிமெண்டில் அமரலாகாது என்றும் சட்டங்கள் வந்தன. உத்தியோகத்தையும் காண்டிராக்டையும் காட்டி ஓட்டு வாங்கும் வழியை அடைக்கவே அவை வந்தன.

நம்மவர்களுக்கு அவரை நெருக்கமாக்கும் செய்தி இனித்தான் வருகிறது. ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவை நம் ஊர்ப் பெரியவர்கள் அறிவார்கள். திருச்சி நத்தர்வலி தர்காவில் அடங்கியிருப்பவர். அவருக்குச் சென்னையிலிருந்த கம்பெனி உத்தியோகஸ்தர்கள் அநியாய வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். கொடாத கடனுக்கும் பத்திரம் எழுதிக்கொண்டார்கள். ஈடாக ஜில்லாக்களின் நிலவரியே அவர்கள் கைக்குப் போயிற்று. பால் பென்பீல்டு என்பவர் அவர்களில் முதன்மையானவர். அந்தப் பணம் இங்கிலாந்துக்குப் போய் என்ன செய்தது? தொகுதிகளை விலைக்கு வாங்கியது. பென்பீல்டே 1780இல் பார்லிமெண்டில் அமர்ந்தார். தம் ஆட்கள் பலரையும் அமர்த்தினார் என்பது பர்க்கின் குற்றச்சாட்டு. அங்கிருந்த சர்க்காரோ 1784இல், கணக்கை விசாரிக்காமலே, கர்நாடக வருமானத்தில் ஆண்டுக்கு 12 லட்சம் வராகனை இக்கடன்களுக்கு ஒதுக்கி உத்தரவிட்டது.

1785 பிப்ரவரி 28இல் பர்க் எழுந்து மணிக்கணக்காகப் பேசினார். ஐதர் அலியின் படையெடுப்பில் எரிந்த ஊர்களையும், பஞ்சத்தில் மடிந்த மக்களையும், கரை உடைந்து கிடந்த ஏரிகளையும் விவரித்தார். தஞ்சையிலும் ஆர்க்காட்டிலும் உழுகிறவன் கொடுத்த வரி, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஓர் ஆங்கிலச் சிற்றூரின் ஓட்டை விலைக்கு வாங்குகிறது என்று கணக்குக் காட்டினார். பிரதமர் பிட்டின் கட்சி எழுந்து பதில் சொல்லவும் இல்லை, ஓட்டெடுத்துத் தோற்கடித்துவிட்டது. பர்க்கின் உறவினர் ஒருவர் தஞ்சை மன்னருக்காக லண்டனில் பரிந்து பேசும் ஏஜெண்டாக இருந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எதிரிகள் அதை அடிக்கடி குத்திக் காட்டினார்கள். ஆயினும் பின்னாளில் நவாப் குடும்பத்தின் கடன்களை 1805இல் அமைந்த ஒரு குழு விசாரித்தபோது, கோரப்பட்ட தொகையில் மிகப் பெரும்பகுதி செல்லாக் கணக்கு என்று தெரிந்தது. பென்பீல்டு 1810இல் பாரிஸில் ஏழையாக இறந்தார்.

வாரன் ஹேஸ்டிங்ஸ்மீது நடந்த வழக்கு உலகறிந்தது. 1788இல் தொடங்கி 1795இல் விடுதலையில் முடிந்தது. கீழ்நாட்டில் மன்னன் வைத்ததே சட்டம், ஆகவே அங்கே எப்படியும் ஆளலாம் என்ற வாதத்தை அவர் அடியோடு மறுத்தார். முஸ்லிம் அரசனும் தன் வேதச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன், முடி தரித்தவனுக்கும் கடைக்குடிக்கும் அது ஒன்றே என்று ஆங்கிலப் பிரபுக்கள் சபையில் எடுத்துக் காட்டியவர் அவர்.

அடிமை வியாபாரத்தைப் பற்றி அவர் பிரிஸ்டலில் ஓட்டுக் கேட்டபோது வாய் திறந்து போராடியதாக இல்லை. அதைக் கட்டுப்படுத்தி ஒழிக்கும் ஒரு திட்டத்தை 1780இல் எழுதி வைத்தார். 1789இல் வில்பர்போர்ஸ் போராட எழுந்தபோது ஆதரித்துப் பேசினார். பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து எழுதிப் பழைய நண்பர்களைப் பகைத்துக்கொண்டார். 1794இல் ஒரே மகன் இறந்தான். கடனும் துயரமும் சூழ, 1797 ஜூலை 9ஆம் தேதி பீக்கன்ஸ்பீல்டில் தம் வீட்டில் காலமானார். அவ்வூர் ஆலயத்திலேயே அடக்கம்.

குரூகர் 1784இல் மறுபடி பிரிஸ்டலுக்கு அங்கத்தினராகி, பிறகு நியூயார்க் திரும்பி அங்கும் சட்டசபையில் அமர்ந்தார். ஆயினும் பிரிஸ்டல் நகரத்தார் 1894இல் வெண்கலச் சிலை எழுப்பியது, ஓட்டில்லை என்று அனுப்பிய பர்க்குக்குத்தான். மறு ஆண்டில் அதற்குச் சற்றுத் தள்ளி, அடிமை வியாபாரத்தில் பொருள் சேர்த்த கோல்ஸ்டன் என்பவருக்கும் ஒரு சிலை வைத்தார்கள். 2020 ஜூனில் ஊர் மக்கள் கூடிக் கோல்ஸ்டன் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். பர்க் சிலை நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒரு கையை முன்னே நீட்டி, இன்னும் எதையோ விளக்கிக்கொண்டிருப்பதுபோல.